"ஆகும்" அன்று, "ஆகுக": ஓர் இலத்தீன் தொடரைப் பற்றிச் சட்டத் தமிழ் அகராதி தொகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொகுப்பாளர்களுக்கும் சட்டப் பாடநூல் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பத்திரங்களையும் வாக்குமூலங்களையும் ஆங்கிலமாக்குவதும் தீர்ப்புகளைத் தமிழாக்குவதும் என் பிழைப்பு. உங்கள் அகராதிகள் இல்லாமல் அந்தப் பிழைப்பு ஒரு நாள்கூட ஓடியிருக்காது. அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன். ஒரே ஒரு பதிவைப் பற்றித்தான் பேசப்போகிறேன் என்றாலும், அது நீளும், பொறுத்தருள வேண்டும்.

"சாலுஸ் போபுலி சுப்ரேமா லெக்ஸ்" என்ற இலத்தீன் தொடருக்கு நீங்கள் தரும் பொருள் "மக்கள் நலமே உயர்ந்த சட்டம் ஆகும்" என்பது. என் அலமாரியில் இருக்கும் மூன்று அகராதிகளிலும் இரண்டு பாடநூல்களிலும் ஒரு சொல் முன்பின்னாக இதுவே இருக்கிறது. நானும் எண்ணற்ற முறை அப்படியே எடுத்து எழுதியிருக்கிறேன். ஆகையால் பிழையில் எனக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொண்ட பிறகே உங்களிடம் வருகிறேன்.

இதை முதன்முதலில் ஐயுற்றவன் நானல்லன். சாலை அகலப்படுத்தலுக்கு நிலம் கொடுத்த ஒரு பெரியவர், இழப்பீட்டை உயர்த்திக் கேட்ட வழக்கின் தீர்ப்பைத் தமிழில் வாங்க வந்திருந்தார். மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்கக் காம்பு போய், நூல் கட்டிக் காதில் மாட்டியிருந்தார். வழக்குக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, நான் கொடுத்த படியை வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். 1894ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். முதல் அறிவிக்கை வந்த 4ஆம் பிரிவு, ஆட்சேபம் சொல்லப் போன 5-ஏ, பிறகு 6, கடைசியில் நீதிமன்றத்துக்கு வர வழிவிட்ட 18 என்று எண்களாலேயே தம் கதையைச் சொல்லக்கூடியவர். தீர்ப்பின் தொடக்கத்தில் பொதுப்பயன் பற்றி ஒரு பத்தி இருந்தது. அதன் முடிவில் இந்த இலத்தீன் வரி. அதற்குக் கீழே என் தமிழ். அங்கே விரல் நின்றது.

"இது எந்தச் சட்டங்க ஐயா? எத்தனாவது பிரிவு?"

"அது பொதுவான கோட்பாடுங்க. பிரிவு எல்லாம் கிடையாது."

"ஒசந்த சட்டம்னு எழுதியிருக்கீங்களே. நம்பர் இல்லாமயா?"

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். நம்பாத தலையாட்டல் அது. அவர் கேட்டது சரியான கேள்வி என்பதும், அதற்கு முறையான விடை இருக்கிறது என்பதும் ஓய்வு பெற்றுப் பொழுது கிடைத்த பிறகே எனக்குத் தெரிந்தன.

விடை இதுதான்: அந்த வரிக்குப் பிரிவு எண் இல்லை, ஏனென்றால் அது எந்த நாட்டிலும், ரோமாபுரியிலும்கூட, எக்காலத்திலும் நடைமுறையில் இருந்த சட்டம் அன்று. ரோம அரசியலாளரும் சொற்பொழிவாளருமான சிசரோ ஏறத்தாழ கி.மு. 52ஐ ஒட்டி எழுதத் தொடங்கிய, சட்டங்களைப் பற்றிய ஓர் உரையாடல் நூலின் மூன்றாம் பகுதியில் அது வருகிறது. சிசரோவும் அவர் தம்பி குவிண்டஸும் நண்பர் அட்டிக்கஸும் அர்ப்பினம் என்ற சொந்த ஊரில், ஆற்றங்கரையில் நடந்தபடி பேசிக்கொள்வதாக அமைந்த நூல். ஒரு நல்ல குடியரசுக்கு எத்தகைய சட்டங்கள் வேண்டும் என்று கேட்டு, அவற்றைத் தாமே எழுதியும் காட்டுகிறார் சிசரோ. எழுதும்போது வேண்டுமென்றே தம் காலத்துக்குப் பல நூற்றாண்டு முற்பட்ட பழைய இலத்தீன் நடையை எடுத்துக்கொள்கிறார். இன்று ஒருவர் ஊராட்சிச் சட்ட முன்வரைவைச் சங்கப் பாடலின் நடையில் எழுதிக் காட்டினால் எப்படி இருக்குமோ, அப்படி. கேட்போருக்கு அது மூதாதையர் குரல்போல் ஒலிக்க வேண்டும் என்பது நோக்கம்.

அந்தப் பத்தியை, என் சிற்றறிவுக்கு எட்டியவரை நெருக்கமாகத் தமிழில் தருகிறேன்: "அரசர்க்குரிய அதிகாரம் உடையோர் இருவர் ஆகுக. முன்செல்லுதல், தீர்ப்பளித்தல், கலந்தாய்தல் என்னும் செயல்களால் அவர்கள் பிரேட்டர் எனவும் நடுவர் எனவும் கான்சல் எனவும் பெயர் பெறுக. போர்க்களத்தில் அவர்கள் முழு அதிகாரம் கொள்க, எவர்க்கும் பணியற்க. அவர்களுக்கு மக்களின் ஏமம் தலையாய சட்டம் ஆகுக."

கடைசி வாக்கியம் "ஓல்லிஸ்" என்ற சொல்லில் தொடங்கி "எஸ்டோ" என்ற சொல்லில் முடிகிறது. ஓல்லிஸ் என்றால் "அவர்களுக்கு". எஸ்டோ என்றால் "ஆகுக". (இடையில் வரும் ஏமம் என்பது காப்பும் நலமும் சேர்ந்தது; அதைப் பற்றிப் பின்னர்.) நம் அகராதிகளில் முதற்சொல்லும் இல்லை, இறுதிச்சொல்லும் இல்லை. தலையும் வாலும் போன உடலைத்தான் இத்தனை காலமாக மீன் என்று விற்றுக்கொண்டிருக்கிறோம்.

எஸ்டோவைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் இந்த இடத்தில் ஆங்கிலம் வழியாகப் படிப்பவரைவிட நேரே தமிழில் படிப்பவருக்கு ஒரு வசதி இருக்கிறது. இலத்தீனில் "எஸ்ட்" என்பது "இருக்கிறது, ஆகும்" என்று செய்தி சொல்லும் வினை. "எஸ்டோ" என்பது படர்க்கையாரை நோக்கி விதிக்கும் வினை. ரோமரின் பழஞ்சட்டங்கள் முழுவதும் இந்த வடிவத்தில்தான் பேசும். அவர்களின் மிகப் பழைய எழுத்துச் சட்டத் தொகுப்பான பன்னிரு பலகைச் சட்டத்தின் முதல் வாசகமே "வழக்குக்கு அழைத்தால் செல்க" என்பதுதான். ஆங்கிலத்துக்கு இதைச் சொல்லத் துணைச்சொல் வேண்டும். நமக்கோ வியங்கோள் வினைமுற்று இருக்கிறது. வியங்கோள் தன்மையிலும் முன்னிலையிலும் நிலைபெறாது என்று தொல்காப்பியர் வினையியலில் வரையறுத்தது, இந்த இலத்தீன் வடிவத்துக்கு இலக்கணம் சொன்னதுபோலவே இருக்கிறது. பின்வந்த நன்னூலார் எல்லா இடத்துக்கும் அதை விரித்தார். அது வேறு பேச்சு. வேண்டல், விதித்தல், வாழ்த்தல், வைதல் என்று நாம் பள்ளியில் படித்த வியங்கோட் பொருள்களுள் இங்கே இருப்பது விதித்தல்.

"கற்க கசடற" என்ற குறளை ஒருவர் வேற்றுமொழியில் "மக்கள் பிழையில்லாமல் கற்கிறார்கள்" என்று பெயர்த்தால் நாம் என்ன சொல்வோம்? வள்ளுவர் செய்தி சொல்லவில்லை, கட்டளையிடுகிறார் என்று மல்லுக்கு நிற்க மாட்டோமா? சிசரோவுக்கு நாம் செய்திருப்பது அதுதான். "மக்கள் நலமே உயர்ந்த சட்டம் ஆகும்" என்றால், மற்றெல்லாச் சட்டங்களுக்கும் மேலே ஒரு சட்டம் ஏற்கெனவே இருக்கிறது, தேவைப்படும்போது அதை எடுத்து மற்றவற்றை வெட்டலாம் என்று பொருள்படுகிறது. "அவர்களுக்கு மக்களின் ஏமம் தலையாய சட்டம் ஆகுக" என்றால், எவருக்கும் பணிய வேண்டாத அளவுக்கு அதிகாரம் பெற்ற இருவர் பணிய வேண்டிய ஒன்று சுட்டப்படுகிறது. முன்னது ஆள்பவன் கையில் கொடுத்த கத்தி. பின்னது அவன் காலில் பூட்டிய தளை. இரண்டுக்கும் இடையில் இருப்பது ஓர் எழுத்து வேறுபாடு.

இது என் விருப்பத்துக்கு இழுத்த பொருள் என்று நீங்கள் ஐயுறலாம். அப்படியானால் அந்த வரியின் அக்கம்பக்கத்தைப் பாருங்கள். கடும்போரோ குடிமக்களிடையே பெரும் பிளவோ நேர்ந்தால் என்ன செய்வது என்பதற்குச் சிசரோ தனியே ஒரு விதி எழுதியிருக்கிறார்: மேலவை முடிவு செய்தால், இரு கான்சல்களின் அதிகாரத்தையும் ஒருவரே ஆறு திங்களுக்கு மேற்படாமல் கொள்க. நெருக்கடி நிலைக்கான விதி இதுதான். அதற்குக் கால வரம்பு உண்டு. ஒரே பதவியைப் பத்தாண்டு இடைவெளி இல்லாமல் எவரும் மீண்டும் ஏற்கலாகாது என்ற விதியும் அங்கே இருக்கிறது. ஊருக்குள் அதிகாரி விதிக்கும் தண்டனையை எதிர்த்து மக்களிடம் முறையிடும் உரிமை இருக்கிறது. போர்க்களத்தில் மட்டும் அந்த முறையீடு இல்லை. தனியொருவரைக் குறிவைத்துச் சட்டம் இயற்றலாகாது, குடிமகன் ஒருவனின் உயிர் பற்றிய வழக்கை மாபெரும் மக்கள் மன்றத்தில் அன்றி வேறெங்கும் தீர்க்கலாகாது என்றும் இருக்கிறது. மக்கள் நலம் என்று சொல்லி எதையும் மீறலாம் என்பது அவர் கருத்தானால், இத்தனை வேலியை எதற்காக நட்டார்?

ஆனால் சிசரோவைத் தூய்மைச் சின்னமாக்குவதும் நேர்மையாகாது. கி.மு. 63இல் அவரே கான்சல், அதாவது அந்த இரு தலைமை ஆட்சியாளருள் ஒருவர். ஆட்சியைக் கவிழ்க்கக் கட்டிலீனா என்பவர் செய்த சதியில் பிடிபட்ட ஐந்து பேரை, மேலவையில் விவாதம் நடந்த அன்று மாலையே, மக்கள் மன்ற விசாரணை இல்லாமல் சிறையில் கழுத்தை நெரித்துக் கொல்லச் செய்தவர் அவர். மக்கள் ஆணையின்றிக் குடிமகனைக் கொல்லலாகாது என்று கிராக்கஸ் கொண்டுவந்த சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. ஐந்தாண்டு கழித்து அதே குற்றச்சாட்டில் எதிரியான குளோடியஸ் அவரை நாட்டைவிட்டே ஓடச் செய்தார். பலட்டைன் குன்றின் மேலிருந்த அவர் வீட்டை இடித்து, அங்கே விடுதலைத் தெய்வத்துக்குக் கோயிலும் எழுப்பினார். மறு ஆண்டு சிசரோ திரும்பினார். அதன்பின் எழுதிய நூல் இது. மக்களின் ஏமத்தைக் காரணம் காட்டி ஐந்து உயிர்களை எடுத்தவர், அவ்வாறு எடுக்கலாகாது என்றும், தமக்கு எதிராக வந்ததுபோன்ற தனியாள் சட்டம் கூடாது என்றும் ஒரே மூச்சில் எழுதுகிறார். தம் செயலுக்கு நியாயம் தேடினாரா, தம்மையொத்தவர்களுக்குக் கடிவாளம் தேடினாரா என்று என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை. இரண்டும் கலந்திருக்கும் என்றே தோன்றுகிறது. வாக்கியம் மட்டும் ஆளுக்கேற்ப வளையாமல் அப்படியே நிற்கிறது.

அடுத்து "சாலுஸ்". இதற்கு "நலம்" என்று எழுதுவது தவறன்று, ஆனால் சற்றே நீர்த்தது. உடம்பு நோயின்றி இருப்பதும், ஆபத்திலிருந்து உயிர் தப்புவதும், நாடு குலையாமல் நிற்பதும் ஆகிய மூன்றையும் அச்சொல் ஒருங்கே குறித்தது. அந்தப் பெயரில் ரோமருக்கு ஒரு பெண் தெய்வம் உண்டு. குவிரினல் குன்றில் அவளுக்குக் கி.மு. 302இல் கோயில் கண்டார்கள். தமிழில் இதற்கு மிக நெருங்கிய சொல் "ஏமம்" என்பது என் துணிபு. பிணியின்மை, செல்வம், விளைவு, இன்பம், ஏமம் ஆகிய ஐந்தும் நாட்டுக்கு அணி என்ற குறளில் ஏமம் என்பதற்குப் பாதுகாவல் என்று பொருள்கொள்கிறோம். வழக்கொழிந்த சொல் என்று நீங்கள் தயங்கினால் "காப்பும் நலமும்" என்று இரண்டாகவே எழுதலாம். நலம் என்று மட்டும் நிறுத்தினால் இன்றைய வாசகர் மனத்தில் நலத்திட்டமும் நல வாரியமும்தான் வந்து நிற்கின்றன. காப்பு என்று மட்டும் நிறுத்தினாலோ காவல்துறை வந்து நிற்கிறது. 1651இல் எழுதிய ஆங்கிலத் தத்துவ அறிஞர் தாமஸ் ஹாப்ஸ்கூட, மக்களின் ஏமம் என்பது வெறுமனே உயிரோடு வைத்திருப்பதன்று, உழைத்துப் பெறும் வாழ்வின் மற்ற நிறைவுகளும் அதில் அடங்கும் என்று விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. அவரோ அரசனுக்கு வரம்பில்லா அதிகாரம் கேட்டவர்.

பிரிவு எண் இல்லாத இந்த வரி எப்படிச் சட்டம்போல் தோற்றம் கொண்டது என்பது அடுத்த கதை. அதில் முதல் சறுக்கல் ஒரு நீதிபதியுடையது. ஃபிரான்சிஸ் பேக்கன், நீதிபதிகளுக்கு அறிவுரை கூறும் தம் கட்டுரையில், ரோமரின் பன்னிரு பலகைச் சட்டத்தின் முடிவுரை இதுவே என்று எழுதிவிட்டார். பன்னிரு பலகை கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் நடுவில் பொறிக்கப்பட்டது. சிசரோவின் நூல் அதற்கு நானூறு ஆண்டு பிந்தியது. சிசரோ பூண்ட பழைய வேடத்தில் இங்கிலாந்தின் தலைமை நீதியமைச்சரே ஏமாந்துபோனார் என்றால், நாம் ஏமாந்தது வியப்பில்லை. (அதே பேக்கன் 1621இல் கையூட்டு வழக்கில் பதவி இழந்தார் என்பதை எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.)

பின்னர் இங்கிலாந்தில் உள்நாட்டுப் போருக்கு வழிவிட்ட பூசலிலும் அந்தப் போரிலும் இத்தொடர் இரு பக்கத்தாருக்கும் ஆயுதமாயிற்று. முதலாம் சார்லஸ் நாடாளுமன்றத்தைக் கூட்டாமலே கப்பல் வரி தண்டினார். கடற்கரை ஊர்களின் பழைய கடமையை 1635இல் உள்நாட்டு மாவட்டங்களுக்கும் விரித்தார். ஜான் ஹாம்டன் இருபது ஷில்லிங் கட்ட மறுத்து வழக்காடினார். நாட்டின் ஏமம் ஆபத்தில் இருக்கிறது என்பது அரசுத் தரப்பின் வாதம். ஆபத்து உண்டா என்று முடிவு செய்பவரும் அரசர் ஒருவரே என்று நீதிபதிகள் ஏற்கெனவே கருத்துத் தந்திருந்தார்கள். பன்னிரு நீதிபதிகளில் எழுவர் அரசர் பக்கம் தீர்ப்பளித்தார்கள். 1642இல் நாடாளுமன்றத்தின் சார்பில் எழுதிய ஹென்றி பார்க்கர், மக்களின் ஏமமே மனிதச் சட்டங்கள் அனைத்துக்கும் சட்டம் கொடுக்கும் மேற்சட்டம் என்று அதே கருத்தை அரசருக்கு எதிராகத் திருப்பினார். 1649 சனவரி 30இல் அரசரின் தலை போயிற்று. வரி கேட்டவருக்கும் தலை கேட்டவர்களுக்கும் ஒரே தொடர் உதவியது.

இவற்றையெல்லாம் கண்முன் பார்த்தவர் ஜான் செல்டன். சட்ட வரலாற்று அறிஞர். அரசரின் அதிகாரத்துக்கு வரம்பு கேட்ட 1628இன் உரிமை மனுவுக்கு உழைத்தவர். மறு ஆண்டே சிறைக்குப் போனவர். அவர் உணவு மேசையில் பேசியவற்றை அவருடைய செயலர் குறித்துவைத்து, அவை 1689இல் அச்சாயின. அதில் ஓரிடத்தில் அவர் சொல்கிறார்: உலகில் இந்த வாக்கியத்தைப் போல் தவறாக ஆளப்படுவது வேறொன்றில்லை. மக்களுக்கு ஆதாயமாக இருக்கும்போது தெரிந்த சட்டத்தைக் கைவிட்டுவிடலாம் என்பதுபோல் அதைப் பொருத்துகிறோம். அது அப்படிச் சொல்லவே இல்லை. முதற்கண், அது "எஸ்ட்" அன்று, "எஸ்டோ". நான் பல மாதம் தடவித் தடவிக் கண்டதை முந்நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே ஒருவர் சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்று அறிந்தபோது எனக்கு ஏமாற்றமும் நிம்மதியும் சேர்ந்தே வந்தன. உங்கள் பார்வைக்கு என் இலக்கணத்தைவிட அவருடைய சாட்சியம் வலுவாக இருக்கும் என்பதால் இதை எழுதுகிறேன்.

அதே நூற்றாண்டின் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக் வேறொரு வகை. அவர் இந்த வரியை நல்ல விதி என்று ஏற்றுக்கொண்டார். நேர்மையாகப் பின்பற்றுபவன் இதனால் பெருந்தவறு செய்ய மாட்டான் என்றார். ஆனால் எந்த இடத்தில் சொன்னார் என்று பாருங்கள். இடிபாடுகூட மிஞ்சாத, ஓர் ஆட்டுக்கொட்டிலும் ஒரு மேய்ப்பனும் மட்டுமே காணக்கூடிய ஊர்ப்பெயர்கள், மக்கள் நிறைந்த பெரிய மாவட்டத்துக்கு நிகராக நாடாளுமன்றத்துக்கு உறுப்பினரை அனுப்புகின்றன. இந்த அநீதியை ஆள்பவர் திருத்தலாம் என்பதற்கே இவ்வரியைச் சான்றாக வைத்தார். அவர் ஊரின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அப்படிப்பட்ட ஊர்களுள் பேர்போனது "ஓல்டு சாரம்" என்ற ஊர். 1691இல் அதை விலைக்கு வாங்கியவர் தாமஸ் பிட். 1698 முதல் 1709 வரை நம் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த அதே வைர வணிகர். ஆளில்லாத அந்தத் தொகுதி 1832 வரை இரண்டு உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டுதான் இருந்தது.

பொதுத்தேவைக்காக ஒருவர் உடைமையில் கைவைப்பது எப்படி என்பதற்கு ஆங்கிலச் சட்டத்தில் இதைவிடப் பயனுள்ள ஒரு முன்னோடி 1606இலேயே இருக்கிறது. வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பை அரசரின் ஆட்கள் குடிமக்களின் தொழுவங்களில் தோண்டி எடுக்கலாமா என்பது கேள்வி. நாட்டுக் காப்புக்காக எடுக்கலாம், பக்கத்து வீடு எரியும்போது ஊரைக் காக்க ஒரு வீட்டை இடிப்பது போன்றதே இது என்றார்கள் நீதிபதிகள். ஆனால் உடனே வரம்பு கட்டினார்கள்: குடியிருக்கும் வீட்டின் சுவரைத் தோண்டி வலுவிழக்கச் செய்யலாகாது; குதிரைக்கும் மாட்டுக்கும் போதிய இடம் விட்டுத் தோண்ட வேண்டும்; தோண்டிய இடத்தை முன்னிருந்தபடி மூடித் தர வேண்டும்; பொழுது விடிந்து பொழுது சாய்வதற்குள் வேலை முடிய வேண்டும், வீட்டுக்காரர் இரவில் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காக. பெரிய தொடர் ஒன்றை வீசிவிட்டு நகராமல், மாட்டுக்கு இடம் விட்டார்களா என்று கேட்ட அந்த நீதிபதிகளை எனக்குப் பிடிக்கிறது. நூல் கட்டிய கண்ணாடிக்காரருக்கும் பிடித்திருக்கும். அவர் கேட்டதும் அந்த வகைக் கேள்விதான்.

வினைச்சொல் எப்போது உதிர்ந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொகுப்பு நூல்கள் அதைப் பரவலாக்கின. ஹெர்பர்ட் ப்ரூம் 1845இல் வெளியிட்ட சட்ட முதுமொழித் தொகுப்பின் தலைவாசலிலேயே இத்தொடர் வினையின்றி நிற்கிறது. அத்தகைய நூல்கள் வழியாகவே இது நம் வழக்கறிஞர்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் வந்தது. வினை இல்லாத இடத்தில் சிலர் "எஸ்ட்" என்று தாமே சேர்த்துக்கொண்டார்கள். அதைப் பார்த்து நாம் "ஆகும்" என்று எழுதினோம். யாரும் வேண்டுமென்று செய்ததன்று. படியெடுப்பவன் கையில் ஓர் எழுத்து எப்படித் தேயும் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

வினையைத் தேயவிடாமல் காத்த இடம் ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தின் முத்திரையில், கேடயத்தைத் தாங்கி நிற்கும் இரண்டு கரடிகளின் காலடியில் விரிந்த சுருளில், "எஸ்டோ" உட்பட இத்தொடர் இருக்கிறது. 1822 சனவரி 11 முதல் அது அம்மாநிலத்தின் குறிமொழி. ஆனால் மிசூரி அடிமை முறையை ஏற்ற மாநிலமாகவே 1821இல் ஒன்றியத்தில் சேர்ந்தது. விடுதலை பெற்ற கறுப்பினத்தவரும் வந்து குடியேறாதபடி தடுக்கச் சட்டம் செய்ய வேண்டும் என்று அதன் முதல் அரசமைப்பே பணித்தது. "போபுலி" என்றால் மக்களுடைய. எந்த மக்கள் என்பதைச் சுருளில் எழுதுவதில்லை. முத்திரையை வடிவமைத்த ராபர்ட் வில்லியம் வெல்ஸ் பிற்காலத்தில் கூட்டாட்சி நீதிபதியானார். ட்ரெட் ஸ்காட் என்ற அடிமை தமக்கும் தம் குடும்பத்துக்கும் விடுதலை கேட்டு 1846இல் செயின்ட் லூயி நகரில் தொடங்கிய வழக்கு, மாநில நீதிமன்றங்களில் வென்றும் தோற்றும், 1854இல் இந்த வெல்ஸின் முன் வந்து சேர்ந்தது. ஸ்காட்டுக்கு வழக்காடும் தகுதி உண்டு என்று வெல்ஸ் தொடக்கத்தில் ஏற்றுக்கொண்டார். ஆனால் சட்டம் எதிர்த்தரப்பின் பக்கமே என்று நடுவர் குழுவுக்கு அறிவுறுத்தினார். ஸ்காட் தோற்றார். 1857 மார்ச் 6இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் இன்னும் கீழே இறங்கி, ஆப்பிரிக்க வழியினர் அந்நாட்டுக் குடிமக்களாகவே இருக்க முடியாது என்றது. கரடிகளின் காலடியில் "மக்களின் ஏமம்" என்று வைத்துக் கொடுத்தவருக்கு, முப்பத்திரண்டு ஆண்டு கழித்து அந்த மக்களுள் ஒருவரா இவர் என்ற கேள்வி தம் மேசைக்கே வந்தது.

ஆகவே "ஆகுக" என்று எழுதிவிட்டால் அநியாயம் நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. மிசூரி சரியாகத்தான் எழுதியிருந்தது. நான் கேட்பது அதைவிடச் சிறியது. தமிழில் தீர்ப்பு வாங்கும் ஒருவர் அந்த வரியில் விரல் வைக்கும்போது, இல்லாத சட்டம் ஒன்று இருப்பதாக நம் மொழிபெயர்ப்பு அவரை நம்பச் செய்யக் கூடாது. அவருடைய நிலத்தை எடுத்தது 1894ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் பிரிவுகளுமே, சிசரோ அல்லர். பிரிவுகளோடு அவர் வாதாடலாம். "உயர்ந்த சட்டம் ஆகும்" என்ற முடிந்த முடிபோடு எப்படி வாதாடுவார்?

"ஆகும்" என்பதே நிலைத்துவிட்டது, நீதிமன்றங்கள் அந்தப் பொருளிலேயே ஆள்கின்றன, அகராதி வழக்கைப் பதிய வேண்டுமே அன்றித் திருத்தக் கூடாது என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். நியாயம்தான். வழக்கைப் பதியுங்கள், மூலத்தையும் பதியுங்கள். ஒருவருடைய வாயில் இருந்து வந்த சொல்லுக்கு அவர் பெயரையும் சேர்த்துப் போடுவது எந்த அகராதிக்கும் பாரமாகாது. பதிவு இவ்வாறு இருக்கலாம் என்று முன்மொழிகிறேன்: "மக்களின் ஏமம் தலையாய சட்டம் ஆகுக. ஆட்சியதிகாரம் பெற்றோரை நோக்கிச் சிசரோ எழுதிக் காட்டிய விதி. நடைமுறைச் சட்டம் அன்று. பொதுநலத்துக்குத் தனிநலம் இடம்கொடுக்க வேண்டும் என்ற பொருளில் பிற்கால நீதிமன்றங்களில் ஆளப்படுகிறது." இருபத்து நான்கு சொற்கள். பாடநூலில் இன்னும் இரண்டு வரி கூடுதலாகச் செல்டனுக்கு ஒதுக்கினால் மாணவர்கள் அந்தப் பாடத்தைத் தூங்காமல் படிப்பார்கள்.

என் பழைய மொழிபெயர்ப்புகளில் எத்தனை கட்டுகளில் அந்த "ஆகும்" கிடக்கிறதோ தெரியாது. பதிவறையில் இருப்பவற்றை இனித் திருத்தவும் இயலாது. என் கையில் இருக்கும் உங்கள் அகராதிப் படிகளில் மட்டும் "ம்" என்பதன்மேல் கோடிட்டு "க" என்று பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன். மை கொண்டு எழுதுவது உங்கள் கையில் இருக்கிறது. அதே பக்கத்தில் அடுத்த பதிவிலும் ஓர் ஐயம் உண்டு. அதைப் பற்றி, நீங்கள் இதற்கு விடை எழுதினால், வேறொரு மடலில் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளன் ஒருவன்